முல்லைட்டுக்குள் ஏறிய இரும்பு

உலைக்கல் தொழிற்சாலையில் ஒரு செய்தி பரவுவதற்குப் போன் எல்லாம் வேண்டியதில்லை. உலையின் கூரைக்குப் போகிற கற்களுக்கு எக்ஸ்ரே கையெழுத்துப் போடவில்லை என்ற செய்தி, அவள் ஆய்வக மாடிப்படியில் இறங்கி வருவதற்குள் சூளை வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து கற்கள் அடுக்கியிருக்கும் முற்றத்துக்கும் போயிற்று. சுமை ஏற்றுகிறவர்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன, பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதும்.

எக்ஸ்ரே என்பது இயந்திரத்தின் பெயர்தான். அந்த இயந்திரத்தோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவளுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். சின்னவர்கள் எக்ஸ்ரே அக்கா என்பார்கள், பெரியவர்கள் எக்ஸ்ரே என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எதையும் ஊடுருவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைத் தட்டிவிடவில்லை.

அவள் வேலை இதுதான். உருக்கு காய்ச்சுகிற உலைக்குள் வீடு கட்டுகிற செங்கல் நிற்காது, உருகி வழிந்துவிடும். அதற்கென்று பாக்சைட் மண்ணைச் சுட்டு, அரைத்து, அச்சில் அடித்து, மறுபடியும் சுட்டு எடுக்கிற கல் வேண்டும். அந்த மண்ணில் இருக்கும் அலுமினாவும் சிலிக்காவும் பெரிய நெருப்பில் சேர்ந்து முல்லைட் என்ற படிகமாகும். ஊசி ஊசியாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல் இருக்கிறவரைதான் கல் நிற்கும். சுட்டெடுத்த கல்லில் கொஞ்சம் உடைத்துப் பொடியாக்கி இயந்திரத்தில் வைத்தால், திரையில் முல்லைட்டின் கோடுகள் எழும்பும். ஒவ்வொரு படிகத்துக்கும் அதனதன் கோடு அதனதன் இடத்தில் வரவேண்டும்.

வரவில்லை. கூரைக்கற்களில் முல்லைட்டின் கோடுகள் இடப்பக்கமாக நகர்ந்து நின்றன. கொஞ்சம்தான் நகர்ந்திருந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் இதற்கா இவ்வளவு கூத்து என்பார்கள். தெரிந்தவள் அப்படி விட்டுவிட முடியாது. கோடு இடப்பக்கம் போனால் படிகம் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அலுமினியம் உட்காரவேண்டிய இடத்தில் அதைவிடப் பருத்த ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. புது பாக்சைட் செக்கச்செவேல் என்று வந்து இறங்கியபோதே அவளுக்குச் சந்தேகம்தான். ஏறி உட்கார்ந்தது இரும்பு. ரசாயனச் சோதனையும் அதையே காட்டியது.

அந்தச் சிவப்பு மண்ணைத் தேடிப் பிடித்து வாங்கியவர் அவள் தாய்மாமா. உற்பத்தி முழுக்க அவர் கையில். சூளையின் சத்தத்தை வைத்தே உள்ளே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாகியிருக்கும். அப்பா போன பிறகு தங்கையையும் தங்கை மகளையும் தன் வீட்டு மாடியில் குடிவைத்து, அவளைப் படிக்கவைத்து, இந்த ஆய்வகத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர்தான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை. சுற்றியிருந்தவர்கள் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாமா ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை.

"என்ன, கையெழுத்துப் போட மாட்டேன்னியாம்?"

"கூரைக்குப் போட மாட்டேன் மாமா. சுவருக்குக் கீழ் வரிசையில வைக்கறதா இருந்தா யோசிக்கலாம். கூரைக்கு ஆகாது."

"பொடியை மேடா அப்பி வச்சிருப்பே. அப்பினா கோடு நகரத்தான் செய்யும். அது எனக்கே தெரியும்."

"அதனாலதான் ஒத்துப்பாக்க சிலிக்கான் பொடியையும் கலந்து வச்சேன். அதோட கோடு அசையல. மேடா அப்பியிருந்தா ரெண்டும்ல நகரணும்?"

மாமா திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே முற்றத்தில் அவர் சுட்ட கற்கள் மலை மாதிரி அடுக்கியிருந்தன.

"அந்த மண்ணை நானே போய்ப் பாத்து எடுத்தேன்," என்றார்.

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுதான் செய்யறியா?"

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். மாமா கதவைச் சாத்திக்கொண்டு போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் அம்மா அவளுக்கு முன்னாலேயே விஷயத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். கீழ்வீட்டில் பேச்சு எழுந்தால் மாடிக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்? தட்டைப் போட்டாள், சோற்றை வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க மாமா சாப்பிடாம படுத்துட்டாராம்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"ஒரு கையெழுத்துதானேடி. உன் சொத்தையா எழுதிக் குடுக்கச் சொல்றாங்க?"

"அதைவிடப் பெருசும்மா. கூரை இறங்கினா கீழே நிக்கிறவன் தலையில இறங்கும்."

"சுட்ட கல்லு எப்படி இறங்கும்? கல்லு கல்லுதானே."

அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். இரும்பு படிகத்துக்குள் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. நல்ல காற்றோட்டமுள்ள நெருப்பில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். இந்தக் கற்கள் போகிற உலையில் எப்போதும் புகை மண்டும், காற்றுக் குறைவு. அப்படிப்பட்ட நெருப்பில் இரும்பு வேறு குணத்துக்கு மாறும், முல்லைட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் வெளியே வரும். வந்து சும்மாவும் இருக்காது. சுற்றியிருப்பதையும் சேர்த்து உருக்கிக் கண்ணாடிக் குழம்பாக்கிவிடும். மண்ணில் கல்லைச் சீக்கிரம் உருக்குகிற பொட்டாஷ் வேறு இருக்கிறது, அதுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஊசிகளுக்கு நடுவே குழம்பு ஓடினால் பின்னல் எங்கே நிற்கும்? கூரை முதலில் தொங்கும், அப்புறம் விழும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் புரியல," என்றாள். "நாம யார் வீட்டுல இருக்கோம், அது எனக்குப் புரியுது. அண்ணன் முகத்துல நாளைக்கு நான் எப்படி முழிக்கறது?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் மேல் வந்த கோபமா, அம்மா சொன்னதில் பாதி நியாயம் இருந்ததால் வந்த கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, மாமா, ஆமாஞ்சாமி மூன்று பேரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். ஆமாஞ்சாமி ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். யார் என்ன சொன்னாலும் தலை தானாக ஆடிவிடும், அதற்காகக் கிடைத்த பெயர். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் மனிதருக்குக் கழுத்து வலி வந்துவிடும். இன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா நேரே விஷயத்துக்கு வந்தார்.

"கல்லை எதுல அரைச்சே?"

அவளுக்குச் சுருக்கென்றது. பொடி அரைக்கிற, அகேட் என்ற கெட்டிக் கல்லில் செய்த கிண்ணம் விரிசல் விட்டுப்போயிருந்தது. புதுசு வரும்வரை எஃகுக் கிண்ணத்தில் அரைத்துக்கொண்டிருந்தாள். உலைக்கல் எஃகைவிடக் கடினம். அரைக்க அரைக்கக் கிண்ணம்தான் தேயும், தேய்ந்த இரும்பு பொடியோடு சேரும். ஆய்வக வேலையில் கால் வைத்தவர்களுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடம் அது. இரும்பைத் தேடுகிறவள் இரும்புக் கிண்ணத்தில் அரைத்திருக்கிறாள்.

"எஃகுக் கிண்ணத்துல," என்றாள்.

மாமா முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்துவிட்டார். "ஏம்மா, இரும்பைக் கொண்டுவந்து போட்டதே நீதானா? நாங்க பாவம் அந்த மண்ணைத் திட்டிக்கிட்டிருந்தோம்."

ஆமாஞ்சாமி தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். கிண்ணத்தின் கதை எப்படி வெளியே வந்தது என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அவமானம் காதுவரை சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்புறம் மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்தாள். விவகாரம் முடிந்துவிட்டது என்ற சாய்வு அது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"அரைச்சது தப்புதான். ஒத்துக்கறேன். ரசாயனச் சோதனையில வந்த இரும்புக் கணக்குல கிண்ணத்து இரும்பும் சேர்ந்திருக்கும், அதை அடிச்சிடுங்க. கோட்டை அடிக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"கிண்ணத்து இரும்பு பொடியோட பக்கத்துல கிடக்கும். படிகத்துக்குள்ள ஏறாது. ஏறணும்னா சூளை நெருப்பு வேணும். நான் அரைச்சது மேசை மேல, அடுப்பு மேல இல்ல. கோடு நகர்ந்திருக்குன்னா அது நீங்க சுடும்போதே உள்ள போயாச்சு."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். மனிதர் படிகம் கிடிகம் எதுவும் படித்தவரில்லை, ஆனால் பேச்சில் எது எங்கே இடிக்கும் என்று கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

"கல்லை வேற கிண்ணத்துல திரும்ப அரைச்சுப் பாத்துடலாமே," என்றார்.

ஆமாஞ்சாமி தப்பித்தோம் என்று எழுந்தோடிப் போய் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அவள் அதைக் கையால் தள்ளினாள்.

"சார், பீங்கானுக்குள்ளயே முல்லைட் இருக்கு. அதுல அரைச்சா கிண்ணத்தோட முல்லைட்டும் கல்லோட முல்லைட்டும் கலந்துடும். நாளைக்கு அதுக்கும் என்னைத்தான் கேப்பீங்க. காந்தம் குடுங்க. அதே பொடி, எஃகுக் கிண்ணத்துல அரைச்சது. கிண்ணத்து இரும்பைக் காந்தத்தால எடுத்துட்டு மறுபடி பாக்கலாம். கோடு அதோட சரியான இடத்துக்கு வந்துச்சுன்னா கையெழுத்தும் போடறேன், வேலையையும் விட்டுடறேன்."

"பேச்சு மாற மாட்டியே?" என்றார் மாமா.

"உங்க வீட்டுல வளர்ந்தவ மாமா."

நான்கு பேரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். காகிதத்தில் பொடியைப் பரப்பினாள். காந்தத்தை மேலே மெல்ல நகர்த்தினாள். கறுப்புத் தூள் குப்பென்று எழுந்து காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டது. மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதலாளி தொண்டையைச் செருமினார். அவள் காந்தத்தைத் துடைத்தாள், மறுபடி நகர்த்தினாள், ஒன்றுமே ஒட்டாதவரை விடவில்லை. பொடியில் சிலிக்கானைக் கலந்து, தட்டில் நிரப்பி, கண்ணாடிச் சில்லால் மட்டமாக வழித்து, இயந்திரத்துக் கதவைச் சாத்தினாள்.

கோடு எழும்பும்வரை ஆமாஞ்சாமியின் தலைகூட அசையவில்லை.

முதலில் சிலிக்கான் கோடு தன் இடத்தில் வந்து நின்றது. பிறகு முல்லைட் வந்தது. இடப்பக்கம் நகர்ந்துதான் நின்றது, நேற்று எங்கே நின்றதோ அங்கேயே. அத்தனை இரும்புத் தூளை எடுத்த பிறகும் அது இம்மி அசையவில்லை.

அவள் வெற்றி முழக்கம் எதுவும் செய்யவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் மாமா. "கல்லு வெந்துதானே வந்திருக்கு? இடிஞ்சா வந்திருக்கு?"

"நம்ம சூளை காத்தோட்டமுள்ள சூளை மாமா. அவங்க உலை புகை மண்டற உலை. அங்கதான் இரும்பு வெளிய வரும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்ததைத் தெரியாதது போலச் சொல்லவேண்டி வந்ததுதான் அவரைச் சுட்டது. சுட்டதும் மனிதர் நியாயத்தை விட்டு விலகிப்போனார்.

"இவ பொய் சொல்றா. எனக்குக் கெட்ட பேர் வரணும்னு இயந்திரத்துல ஏதோ திருகி வச்சிருக்கா. என்னமோ வஞ்சம்."

அவள் அதுவரை தாங்கிக்கொண்டாள். பொய் என்ற சொல்தான் நெஞ்சில் அடித்தது. முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நெருக்கடி, இன்று லாரி கிளம்ப வேண்டும். யார் சொல்வது உண்மை என்று பார்ப்பதைவிட எது சுலபம் என்று பார்ப்பது அவருக்கு வசதியாக இருந்தது. "அவர் போடட்டும் கையெழுத்தை," என்று ஆமாஞ்சாமியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஆமாஞ்சாமி தலையாட்டினார். போட்டும் விட்டார்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எக்ஸ்ரே நினைக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஆய்வகத்துக்கு ஓர் உரிமை உண்டு. கல் ஆகாது என்று தோன்றினால் அதன் மேல் சிவப்புக் கோடு போடலாம். கோடு விழுந்த கல்லைச் சுமைக்காரர்கள் தூக்க மாட்டார்கள். தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தாலும் உலைக்காரர்கள் இறக்க மாட்டார்கள். அதற்கு யார் கையெழுத்தும் ஈடாகாது. விரிசல் விட்ட ஒன்று இரண்டு கல்லுக்கு மட்டும்தான் இதுவரை போட்டிருக்கிறார்கள். ஒரு சூளை முழுக்க வந்த கல்லுக்கு யாரும் போட்டதில்லை, போடலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அவள் பெயின்ட் வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். முதல் அடுக்கில் ஏறிக் கோடு இழுத்தாள். அடுத்த கல், அதற்கடுத்த கல். சுமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"அக்கா, அத்தனைக்குமா?" என்றான் ஒருவன்.

"அத்தனைக்கும்."

மாமா ஓடி வந்தார். ஹெல்மெட் இல்லை. "கீழ இறங்கு" என்றார். இறங்கவில்லை. "இறங்கலேன்னா இனிமே என் வீட்டுப் படி ஏறாதே" என்றார். அவள் பிரஷ்ஷை வாளியில் முக்கினாள்.

"சரி மாமா."

"சரியா?"

"நீங்க படிக்கவச்ச படிப்பு மாமா இது. படிச்சதை மறந்துட்டுதான் அந்த வீட்டுல இருக்கணும்னா எனக்கு வீடு வேண்டாம்."

மாமா போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். உடனே வந்து உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் இரண்டு பேருக்கும் இடமில்லை என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். மேலே முதலாளி அறையின் சன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. லாரி உள்ளே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உறுமிக்கொண்டே நின்றது.

அவளுக்குத் தோள் விட்டுப்போயிற்று. முழங்கை வரை சிவப்பு. பாதி அடுக்குகூட முடியவில்லை. அம்மா வந்து அழுவாள், காலில் விழுவாள், அப்போது என்ன செய்வது என்ற பயம்தான் அவளைத் தின்றது. மாமாவை எதிர்த்து நிற்க முடிந்தது, அம்மாவின் அழுகையை எதிர்த்து நிற்பாளா என்பதில் அவளுக்கே நிச்சயமில்லை.

அம்மா வந்தாள். வீட்டுச் செருப்போடு, தலையைக்கூட வாராமல் வந்திருந்தாள். அதுவரை தொழிற்சாலைக்குள் அவள் கால் வைத்ததில்லை. மலை மாதிரி நின்ற கற்களையும், மேலே ஏறி நிற்கும் மகளையும் பார்த்தாள்.

"உன் பொண்ணு பொய் சொல்லி என் பேரைக் கெடுக்கறா," என்றார் மாமா. "கூட்டிட்டுப் போ."

அம்மா மகளைப் பார்த்து அண்ணாந்தாள்.

"அந்தக் கூரைக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்களாடி?"

"நிப்பாங்கம்மா. எப்பவும் நிப்பாங்க."

"நீ பாத்தது நிச்சயம்தானா?"

"ரெண்டு தடவை பாத்தேன். நிச்சயம்தான்."

அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இவ வாயாடி. பிடிவாதக்காரி. என் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்ல. நீ என்ன வேணா சொல்லித் திட்டு, நானும் கூடச் சேந்து திட்டறேன். பொய் சொல்றாங்கறதை மட்டும் சொல்லாதே. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நேத்தே கையெழுத்துப் போட்டிருப்பா."

இடுப்பில் செருகியிருந்த மாடி வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். மாமாவின் கை நீளவில்லை. அம்மா அதைப் பக்கத்திலிருந்த கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்னொரு பிரஷ் இருக்கா?" என்று சுமைக்காரர்களைக் கேட்டாள்.

பிரஷ் இல்லை. ஒருவன் தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தான். அம்மா அதை வாளியில் முக்கியெடுத்துக் கீழ் வரிசைக் கல்லின் முன் குனிந்தாள்.

"மேல போடணுமா, பக்கத்துலயா?"

"பக்கத்துல போடும்மா," என்றாள் மகள். "தள்ளி நின்னு பாக்கறவங்களுக்கும் தெரியணும்."

அம்மா கோடு இழுத்தாள். கை பழகாததால் கோடு கோணல்மாணலாகத்தான் வந்தது. மாமா அங்கேயே நின்றிருந்தார். சுமைக்காரர்களில் எவனும் கையுறையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.